மூணு விசில்

பவுனம்மாளும் அவள் கணவன் வீரணனும் கொழுந்தன் சடையனும் நரிப்பாறைக் குகைக்குள் கால் வைத்தபோது காலை மணி பத்து. மூவருக்கும் கல்குவாரியில் வேலை. பாளையக்காரன் புதைத்த குடம் ஒன்று உள்ளே கிடப்பதாக ஊரில் பேச்சு.

முன்னால் போன வீரணனுக்குப் பின்னால் கூரை இடிந்தது! குறுக்கே பாறைச் சுவர். விரல் நுழையும் சந்து மட்டுமே மிச்சம். மலையில் பெய்த மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே!” என்று சடையன் கத்தினான். மேலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன.

“வாயை மூடுடா! இன்னொரு சத்தம் போட்டே, மூணு பேருக்கும் இங்கேயே சமாதி,” என்று பவுனம்மாள் தணிந்த குரலில் அதட்டினாள்.

பவுனம்மாள் செல்போனை எடுத்தாள். சிக்னல் இல்லை, தேவையும் இல்லை. எழுத்தை ஒலியாக்கிப் பக்கத்துப் போனின் மைக்குக்கு அனுப்பும் செயலி மூவரிடமும் இருந்தது. அந்த ஒலி மனிதக் காதுக்குக் கேட்காது. போனைச் சந்தில் வைத்து, ‘அடி பட்டுச்சா?’ என்று அனுப்பினாள். பதில் இல்லை.

“வவ்வாலுங்க கெடுக்குது அண்ணி. அதுங்க கத்துறதும் இதே மாதிரிதானே.”

காதுக்குக் கேட்கும் ஒலிக்கு மாற்றினாள். போன் முதலில் அழைப்பாக மூன்று விசில் அடித்துவிட்டுச் செய்தியைக் கீச்சிட்டது. அந்தப் பக்கம் தடதடவென்று கால் சத்தம். அப்புறம் அமைதி.

“எங்கே ஓடுறாரு?”

பவுனம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். குவாரியில் மூன்று விசில் என்றால், திரி பற்றவைத்தாயிற்று, ஓடு!

“வேட்டுன்னு நெனைச்சுட்டாருடா! பதினெட்டு வருஷப் பழக்கம்.”

வேட்டு முடிந்தால் ஒரே நீள விசில். நாக்கை மடித்து மெல்ல ஊதினாள். காத்திருந்தார்கள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. பேட்டரி நாலு சதவீதம். சந்துக்கு அப்பால் வீரணன் போன் கீச்சிட, அவள் திரையில் எழுத்து வந்தது.

‘எவன்டி இங்க வேட்டு வைக்கிறது? ஓடுன எடத்துல காத்து அடிக்குது. மேல வெளிச்சம். இச்சி வேரு தொங்குது.’

“மலைக்குப் பின்பக்கம் இருக்கிறது ஒரே இச்சி மரந்தான்டா. கயித்தை எடு!”

இருவரும் குகையை விட்டு வெளியே ஓடி, மரத்தடியில் கடப்பாரை போட்டு ஓட்டையைப் பெரிசாக்கினார்கள். வீரணன் கயிற்றோடு மேலே வந்தான், கையில் மண்குடத்துடன். உள்ளே வவ்வால் புழுக்கை.

“எருவுக்கு ஆகும்,” என்றான் சடையன்.

வீரணன் சிரிக்கவில்லை. “அந்த விசில் கேக்கலேன்னா, சந்துக்கிட்டயே நின்னு முங்கியிருப்பேன்,” என்றான்.

சத்தம் போய்ச் சேர்ந்தால் போதாது. அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் முன்பே பேசி வைக்க வேண்டும். அன்று மாலையே பவுனம்மாள் செயலியின் அழைப்பை இரண்டு விசிலாக மாற்றினாள். குவாரியில் இரண்டு விசில் என்றால் டீ வந்துவிட்டது. அதைக் கேட்டு எவனும் எதிர்த்திசையில் ஓடியதில்லை.