நான்காம் தொட்டி

விடிந்ததும் பிரகாசி ஐந்து முக்குளிப்பு வீரர்களையும் தராசில் ஏற்றினாள். 'ஆழி ஒன்பது' நீர்மூழ்கிக்கு எடைக்காவலர் அவள்தான். துப்பாக்கி, காற்று உருளை, கால்துடுப்பு என்று ஒன்று விடாமல் தனியே நிறுப்பாள், பிறகுதான் ஆள். நான்காவதாக ஏறியவன் தொபியாஸ், அவள் ஊர்க்காரன்.

"கருவி முப்பத்திரண்டு கிலோ. ஆளு எழுபது. என்னலே, ஜெசிந்தா சோறு போடலியா?"

"போன மாசம் எழுபத்தொண்ணு இருந்தேன். உங்க தராசு பொய் சொல்லுதுக்கா" என்று கிசுகிசுத்துச் சிரித்தான்.

கிசுகிசுத்துத்தான் ஆகவேண்டும். கடலுக்குக் காது முளைத்துவிட்ட காலம் அது. எல்லா நாடுகளும் கடலடியில் கேட்புவலை விரித்திருந்தன. பம்ப் ஓடினால் கேட்கும். ஆள் இறங்கி எடை குறைந்து கப்பல் ஒரு சாண் மேலே எழும்பினால்கூட நீர் உரசுவது கேட்டுவிடும். அதனால் வெளியேறும் ஒவ்வொரு வீரனுக்கும் பதிலாக, அவன் எடைக்கு எடை கடல்நீர் ஒரு தொட்டியில் தானே வந்து நிரம்பும். அவன் திரும்பியதும் சத்தமில்லாமல் வடிந்துவிடும். ஆளுக்கொரு தொட்டி. உள்ளே இருக்கிற பிரகாசிக்கு யார் வந்தார் என்று சொல்வது அந்தத் தொட்டிகளின் அளவு முட்கள்தான்.

ஐவரும் வெளியேற்று அறைக்குள் போனார்கள். கடல்நடுவே குடிநீர் ஆலை ஒன்றை ஆயுதக் கும்பல் பிடித்து வைத்திருந்தது. அங்கே சிக்கிய பதினொரு தொழிலாளிகளைப் படகேற்றி அனுப்பிவிட்டு, நண்பகலுக்குள் திரும்பவேண்டும்.

பதினொன்றரைக்கு முதல் தொட்டி வடிந்தது. பிறகு ஐந்தாவது, இரண்டாவது. கடைசியாக மூன்றாவது. நான்காம் தொட்டியின் முள் நூற்றிரண்டிலேயே நின்றது. அடக் கடவுளே, அசையேன் என்று பிரகாசி அதையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தொட்டிக்காரன் ஈரம் சொட்ட வந்து நின்றான். "பதினொரு பேரும் தப்பிச்சாச்சு. தொபிய சுட்டுட்டாங்கக்கா. என் கண்ணு முன்னாலதான் அமுங்கிப் போனான்."

அப்படியும் அவள் கேப்டனிடம் பத்து நிமிடம் கேட்டாள். அவரும் கொடுத்தார். முள் அசையவில்லை.

திரும்பும் வழியில் மூன்றாம் நாள் கேப்டன் சந்திரமௌலி அவளிடம் வந்தார். தூங்காத கண்கள்.

"மேலிடத்து உத்தரவு. இந்தப் பயணத்துல யாரும் வெளிய போகல. தொபியாஸ் நம்ம கப்பல்ல ஏறவே இல்ல. நாலாம் தொட்டியக் காலி பண்ணிருங்க, பிரகாசி."

திரும்பாதவன் தொட்டியை வடிப்பதில்லை என்பது நீர்மூழ்கிக்காரர்களின் வழக்கம். எந்தச் சட்டத்திலும் அது கிடையாது. உடல் வராது, அந்த நீர்தான் வீட்டுக்குப் போகும், கல்லறைத் தோட்டத்தில் இறங்கும்.

"யாருமே வெளிய போகலன்னா தொட்டியில தண்ணியே இல்லயே சார். இல்லாத தண்ணிய நான் எப்படி வடிக்கிறது?"

 கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர்கள் ஊர் திரும்பிய அன்று மதியம் மீன் ஏலக்கூடம் காலியாகக் கிடந்தது. நான்கு வீரர்களும் நான்காம் தொட்டியின் நீரை நீல டிரம்மில் சுமந்து வந்து தராசில் இறக்கினார்கள். டிரம்மின் எடையைக் கழித்துவைத்த முள் நூற்றிரண்டு காட்டியது. தொபியாஸின் மனைவி ஜெசிந்தா அழாமல் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

"இதுல துப்பாக்கியெல்லாம் எவ்வளவுக்கா?"

"எல்லாக் கருவியும் சேர்த்து முப்பத்திரண்டு."

அவள் ஒரு வாளியை எடுத்தாள். மொண்டு மொண்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டினாள். "ஆளே போகலன்னு மேலிடத்துல சொன்னாங்கள்ல? இந்த முப்பத்திரண்டு அவங்களோடது. வந்து எடுத்துக்கிடட்டும்." யாரும் தடுக்கவில்லை. முள் மெல்ல இறங்கி எழுபதில் நின்றதும் வாளியைக் கீழே வைத்தாள்.

"எழுபதா?" அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "எழுபத்தொண்ணுல்லா இருந்தாரு! கிளம்புறதுக்கு முந்தி நான் சரியாக் கவனிக்கலியோ? ஒழுங்காச் சாப்பிடாமலா போனாரு?" டிரம்மைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

இருபது வருடப் பணியில் ஒரு கிராம் தவறவிட்டதில்லை என்பதுதான் பிரகாசியின் பெருமை. அவள் ஜெசிந்தாவின் அருகில் ஈரத்தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லட்டி. தராசு பொய் சொல்லுது. எழுபத்தொண்ணுதான்."