கீழடுக்குப் பொட்டலம்

கூடையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அழாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால்கூடத் தேவலை என்று கண்டக்டருக்குத் தோன்றியது. முகம் அப்படி இறுகிக் கிடந்தது.

கண்டக்டர் இப்போது கண்டக்டர் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகின்றன, பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய மனைவியைத் தெருவே மேடம் என்று கூப்பிடும்; அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். தீப்பிடித்த கடை, காணாமல் போன நகை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வருகிறவர்களில் யார் நிஜம், யார் டூப் என்று பிரித்துச் சொல்வதுதான் மேடத்தின் உத்தியோகமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, பாதிக் கதையைக் கேட்டு, குற்றவாளி யாரென்று அங்கேயே முடிவு கட்டிவிடுவது கண்டக்டரின் வழக்கம். அவர் இதுவரை பிடித்துக் கொடுத்தவர்கள் அத்தனை பேரும் நிரபராதிகள். அதற்காக அவர் உற்சாகம் ஒரு மாற்றும் குறைந்ததில்லை.

"சொல்லும்மா," என்றார் மேடம்.

"நான் தையல்காரி மேடம். ரெண்டு தெரு தள்ளித்தான் கடை. என் ஃபிரெண்டு ஒருத்தி லைப்ரரில வேலை பார்க்கறா. அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாதுன்னா சும்மா அரிப்பு தடிப்பு இல்ல. துளி பட்டாப் போதும், தொண்டை அடைச்சுக்கும். அதனால ஹோட்டல்ல சாப்பிட மாட்டா, விருந்துக்குப் போனா தண்ணியோட வந்துடுவா. அவ வீட்டுச் சாப்பாடு, அதை விட்டா என் கை. அவ்வளவுதான்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவள் தலை கொஞ்சம் நிமிர்ந்தது.

"ஏரிக்கரைக்குப் பிக்னிக் போகணும்னு ரொம்ப நாளா பேசிட்டிருந்தோம். என்ன கட்டி எடுத்துட்டுப் போறதுன்னு போன்ல தினம் சண்டை. பஸ்ல சிந்தக் கூடாது, வெயில்ல கெடக் கூடாது, கையை நனைக்காம சாப்பிடணும். அவிச்ச முட்டை வேணும்னா அவ. டப்பாவைத் திறந்தா பஸ்ஸே காலியாயிடும்டின்னு நான். கடைசில வெள்ளரிக்காய் வெண்ணெய் சாண்ட்விச், சுட்ட உருளைக்கிழங்கு, ஆப்பிள், எலுமிச்சை ஜூஸ்னு முடிவாச்சு."

கண்டக்டர் எச்சிலை விழுங்கினார்.

"எப்படிச் செஞ்சே? ஒண்ணு விடாம சொல்லு," என்றார் மேடம்.

"முதல்ல வீட்டை விட்டுக் கடலையை விரட்டினேன். என் வீட்டுக்காரருக்கு மருந்துக் கடைல ராத்திரி டூட்டி. பொடியெல்லாம் கலந்து மடிச்சுக் குடுக்கற பழைய கடை. தினம் ரொட்டில பீநட் பட்டர் தடவிச் சாப்பிடுவார். அந்த பாட்டில், அவர் தடவற கத்தி, ரெண்டையும் அவர் பையிலேயே போட்டு, 'இதை வீட்ல வெளிய எடுத்தீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்'னு சொல்லிட்டேன். புதுப் பலகை, புதுக் கத்தி வாங்கினேன். வெள்ளரிக்காயைத் தோல் சீவி, மெலிசா நறுக்கி, துணியில ஒத்தி எடுத்தேன். வெண்ணெயை ரொட்டியோட விளிம்பு வரைக்கும் தடவினேன். அப்பத்தான் காயோட தண்ணி உள்ள இறங்காது, மறுநாளும் நமுத்துப் போகாது. பட்டர் பேப்பர்ல சுத்தி, மிட்டாய் மாதிரி ரெண்டு முனையும் முறுக்கினேன். டப்பால ரெண்டு அடுக்கா வச்சு ஃபிரிட்ஜ்ல வச்சேன். புதுக் கத்தி, ஆப்பிள் நறுக்க வேணுமேன்னு, தட்டுங்களுக்கு அடியில கூடைக்குள்ள போயிடுச்சு. அப்புறம் தச்ச சட்டைங்களைக் குடுக்க வெளிய போனேன்."

"ரொட்டி மிஞ்சிச்சா?"

"கொஞ்சம் மிஞ்சிச்சு. பாக்கெட்டோட கடைசித் துண்டு இருக்குமே, ஒரு பக்கம் பூரா பழுப்புத் தோலா, அதையும் எடுத்து வச்சுட்டேன். அதை நான் யாருக்கும் வைக்க மாட்டேன். திரும்பி வந்தப்ப எதுவும் இல்ல. அவர் சாப்பிட்டுட்டுப் போயிருப்பார்னு நினைச்சேன்."

"காலைல?"

"டப்பாவைக் கூடைல இறக்கி, மேல துணி போட்டுச் சுத்திலும் தச்சுட்டேன்."

"தச்சியா!" என்று கண்டக்டர் துள்ளினார். "கூடையையா?"

"பஸ்ல யாரும் கை வைக்கக் கூடாதே. ஏரிக்கரைல நானே பிரிச்சேன். என் தையல் அப்படியேதான் இருந்தது. நான் மேல் அடுக்குல எடுத்துச் சாப்பிட்டேன். அடியில இருக்கறதுதான் சில்லுனு இருக்கும்னு அவ கீழேருந்து எடுத்தா. பொட்டலம் பிரியவே மாட்டேங்குதுடின்னு நகத்தால நெம்பினா. நான் ஜூஸ் ஊத்திட்டு இருந்தேன். ரெண்டே கடி. உதடு வீங்கிடுச்சு மேடம்."

ஒவ்வாமைக்குப் போட்டுக்கொள்கிற மருந்து ஊசி தோழியின் கைப்பையிலேயே இருந்ததால் பிழைத்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்த அவளுடைய அண்ணன், இனி தங்கை இந்தத் தையல்காரியின் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் கத்தினாராம்.

"அண்ணன் கத்தினதுகூட உறைக்கல. அவ, 'விடுடி, யாருக்கும் தவறும்'னா. அதைத்தான் தாங்க முடியல. எனக்குத் தவறாது! சட்டைக்குக் கை வைக்கறதுல தவறலாம். அவ வாய்க்குப் போறதுல எனக்குத் தவறவே தவறாது!"

மேடத்துக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. "வீட்டுச் சாவி யார்கிட்டல்லாம் இருக்கு?"

"என்கிட்ட, அவர்கிட்ட, மாடில இருக்கற நாத்தனார்கிட்ட. அவ பார்லர்ல வேலை பார்க்கறா. 'என்னை என்னிக்காவது கூப்பிட்டிருக்கீங்களா அண்ணி'ன்னு அவளுக்கு ஒரு குறை உண்டு."

கண்டக்டர் தொடையில் தட்டினார். அவரைப் பொறுத்தவரை கேஸ் முடிந்துவிட்டது.

மேடம் கூடையிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தையல்காரி அன்றைக்கு மூடியபடியே ஃபிரிட்ஜில் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேல் அடுக்கில் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது. முனைகள் முறுக்கியிருந்தன. பிரித்தால் ரொட்டி காய்ந்து நிற்க, விளிம்பு வரை வெண்ணெய். கீழ் அடுக்கிலும் ஒன்று இருந்தது. அதில் முறுக்கே இல்லை. ஒரு முனைக்குள் மறுமுனையைச் செருகி, நூலும் இல்லாமல் பசையும் இல்லாமல் தட்டையாக மடித்திருந்தது. பிரித்தபோது ரொட்டி ஈரத்தில் நைந்து வந்தது. வெள்ளரிக்காய் தோலோடு கனமாக இருந்தது, வெண்ணெய் நடுவில் மட்டும் ஒரு தீற்று. இரண்டு துண்டுகளில் ஒன்றின் உள்பக்கம் பழுப்பாக இருந்தது. மேடம் குனிந்து முகர்ந்தார். வறுத்த கடலை வாசனை லேசாக வந்தது.

"நாத்தனார்தானே?" என்று கண்டக்டர் காதோடு கேட்டார்.

"நீங்க போய் ஒரு ரொட்டி பாக்கெட்டும் பட்டர் பேப்பரும் வாங்கிட்டு வாங்க. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போறோம்."

சாயங்காலம் தையல்காரியின் சமையலறையில் நிற்க இடமில்லை. தோழி உதட்டில் இன்னும் வீக்கம் வடியாமல் நாற்காலியில் இருந்தாள். மேடம் போனில் கூப்பிட்டதால் வந்த அவள் அண்ணன், வந்ததே பெரிய விஷயம் என்கிற மாதிரி கதவருகில் கை கட்டி நின்றார். நாத்தனார் அடுப்பு மேடையில் சாய்ந்திருந்தாள். கணவர் டூட்டிக்குக் கிளம்பும் பையைத் தோளில் மாட்டியபடியே நின்றார்.

"முதல்ல ஒரு சின்ன வேலை," என்றார் மேடம். "ஆளுக்கு ஒரு ரொட்டித் துண்டு, ஒரு பேப்பர். பொட்டலம் கட்டிக் குடுங்க."

"இதென்ன விளையாட்டு?" என்றார் அண்ணன்.

"கட்டுங்க சார், காசா பணமா?" என்றார் கண்டக்டர், ஏன் என்று தனக்கே தெரியாமல்.

அண்ணன் கட்டியது கசக்கி எறிந்த காகிதம் மாதிரி இருந்தது. நாத்தனார் பேப்பரைச் சுருட்டி, தலைமுடியில் இருந்த கிளிப்பை எடுத்துக் குத்தினாள். கணவர் ஏதோ யோசனையில் இருந்தார். விரல்கள் கடைப் பழக்கத்தில் தம்பாட்டுக்கு மடித்தன. ஒரு முனைக்குள் மறுமுனை செருகிக்கொண்டது. மேடம் அதை வாங்கி, டப்பாவிலிருந்த கீழடுக்குக் காகிதத்தை அதே மடிப்பில் மடித்துப் பக்கத்தில் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

கணவரின் முகத்தில் ரத்தம் வற்றியது.

"ஐயோ, நீங்களா?" என்றாள் தையல்காரி.

"இரும்மா, நான் சொல்லிடறேன்," என்றார் மேடம். "மேல் அடுக்கு நீ செஞ்சது. கீழ் அடுக்கு நீ செஞ்சது இல்ல. தோல் சீவல, ஒத்தி எடுக்கல, விளிம்பு வரைக்கும் வெண்ணெய் போகல. நீ யாருக்கும் வைக்காத கடைசித் துண்டு அதுல இருக்கு. பழுப்புப் பக்கம் வெளிய தெரியக் கூடாதுன்னு உள்பக்கமாத் திருப்பி வச்சிருக்கு. கூடைத் தையல் பிரியல, அதனால வழியில நடந்தது இல்ல. முந்தின நாள், நீ சட்டை குடுக்கப் போனப்ப, இதே சமையலறைல நடந்தது."

"வேணும்னே செஞ்சதா?" என்று அண்ணன் ஓர் அடி முன்னால் வந்தார்.

"கெடுதல் பண்ணணும்னு வர்றவன் இருக்கறதுல தடவிட்டுப் போயிடுவான் சார். உக்காந்து புதுசா சாண்ட்விச் செய்வானா? டப்பா நிறைஞ்சு தெரியணும்னு கவலைப்பட்டது யாரு? அதுலேருந்து எடுத்தவர்தான். எடுத்த குழி தெரியாம மூடியிருக்கார். புதுக் கத்தி கூடை அடியில கிடந்தது, கண்ணுல படல. கைக்குக் கிடைச்சது அவர் பையில இருந்த கத்தி. இந்த வீட்ல கடலை பட்ட பொருள் அந்தப் பையில மட்டும்தான் இருந்தது. எடுத்தது எதுக்குங்கறதை அவரே சொல்லட்டும்."

கணவர் பையைக் கீழே இறக்கினார். இறக்கியதும் கை வைக்க இடம் தெரியாமல் தவித்தார்.

"கடைல எல்லாரும் அவங்கவங்க வீட்டுச் சாப்பாட்டைப் பிரிச்சு வச்சுப் பெருமையடிப்பாங்க. என் கைல எப்பவும் பீநட் பட்டர் ரொட்டி. 'உன் வீட்ல அடுப்பே இல்லையா'ன்னு ஒரே கிண்டல். அன்னிக்கு டப்பாவைத் திறந்தேன். மேடம், இவ அடுக்கியிருந்த அழகைப் பார்க்கணுமே! இதை அவனுங்க கண்ணால பார்த்தாப் போதும்னு தோணிச்சு. அடியிலேருந்து எடுத்துட்டு, நானே செஞ்சு அந்த இடத்துல வச்சேன். கத்தியைக் கர்ச்சீஃபால நல்லாத் துடைச்சேன். சத்தியமா துடைச்சேன்."

"துடைச்சாப் போயிடுமா? மருந்துக் கடைல இருக்கற ஆளா நீங்க?" என்று அண்ணன் சீறினார்.

"போகாதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்ததுமே புரிஞ்சு போச்சு. வாய் வரல."

"சாப்பிட்டவங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டார் கண்டக்டர். மேடம் முறைத்தார்.

"எங்க முதலாளி பேப்பரைக்கூட வழிச்சுச் சாப்பிட்டார். யார் செஞ்சதுன்னார். என் பெண்டாட்டின்னு சொன்னேன். எனக்கு நெஞ்சு கொள்ளல." அவர் மனைவியைப் பார்த்தார். "உன்னைப் பத்திப் பெருமை பேசப் போய், பழியை உன் தலையிலயே போட்டுட்டேன்."

தையல்காரி அப்போதும் அழவில்லை.

"நான் சோறு தண்ணி இல்லாம இந்த மூலைல உக்காந்து, எங்க தப்பு பண்ணினேன்னு ஒவ்வொரு விரலாப் பார்த்துட்டிருந்தேன். எதிர்லதானே உக்காந்திருந்தீங்க? என்னைப் பார்த்துட்டுத்தானே இருந்தீங்க?"

நாத்தனார் தன் அண்ணன் பக்கம் திரும்பினாள். "தூ, நீயெல்லாம் ஒரு அண்ணன்! இந்த ஐயா வந்ததுலேருந்து என்னையே முறைச்சுட்டிருக்கார், தெரியுமா?"

கண்டக்டர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

கணவர் தோழியின் முன்னால் போய் நின்றார். "அவமேல ஒரு தப்பும் இல்லம்மா. என்னைத் திட்டு. உங்கண்ணன் அடிச்சாலும் வாங்கிக்கறேன்." பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "ஆஸ்பத்திரில அத்தனை பேர் முன்னாடி இவளைச் சொன்னீங்க. அதே ஆட்கள்கிட்ட வந்து நான்தான்னு நானே சொல்றேன்."

தோழி அவரைப் பார்க்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து, மேடை மேல் இருந்த ரொட்டியைத் தையல்காரியின் பக்கம் தள்ளினாள்.

"செஞ்சு குடு," என்றாள்.

"என்னடி?"

"பசிக்குது. அன்னிக்கு ரெண்டு கடியோட நின்னுபோச்சு. அதுவும் நீ செஞ்சது இல்லையாம். இப்ப நீ செஞ்சு குடு."

"பைத்தியமா உனக்கு?" என்று அண்ணன் கையைப் பிடித்தார். "இந்த வீட்லயா? இப்பவா?"

"விடுண்ணா. அவ செய்யறதைப் பாரு, அப்புறம் பேசு."

தையல்காரி முதலில் கணவரின் பையை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னாள். அப்புறம் அவரையும். பொட்டலம் கட்டின எல்லோரையும் கை கழுவ வைத்தாள், அண்ணனையும் விடவில்லை. மேடையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். புதுக் கத்தி, புதுப் பலகை, யார் கையும் படாத துண்டுகள். வெள்ளரிக்காயைச் சீவி, அடுத்த பக்கம் தெரிகிற மாதிரி நறுக்கி, ஒவ்வொன்றாகத் துணியில் ஒத்தினாள். வெண்ணெய் விளிம்பு வரை போயிற்று, ஒரு நூல் இடம் விடாமல். அண்ணன் கட்டியிருந்த கைகளை எப்போது இறக்கினார் என்று அவருக்கே தெரியாது.

தோழி வாங்கிக் கடித்தாள். மென்றாள். அண்ணன் அவள் கைப்பையைத் திறந்து புது ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் உதட்டையே பார்த்தார். வாசலுக்கு வெளியே இருந்து கணவரும் எட்டிப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை. கடைசித் துணுக்கு வரை தின்று, விரலில் ஒட்டியிருந்த வெண்ணெயையும் நக்கினாள். நேரம் போயிற்று. உதடு இருந்தபடியே இருந்தது, தொண்டை ஒன்றும் அடைக்கவில்லை.

"பார்த்தியாண்ணா?" என்றாள். "இதுதான் இவ கை."

தையல்காரிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, தலையை மட்டும் நிமிர்த்தியே வைத்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் ஊசியைப் பைக்குள் போட்டார்.

"தங்கச்சி," என்றார் தையல்காரியிடம், "ஏரிக்கரைக்கு மறுபடி எப்பப் போறீங்க?"