இறாலுக்குக் காவல் ஒரு பொத்தான்

கடுகின் அம்மா கப்பலில் சமையல்காரர். அது லேசுப்பட்ட கப்பல் இல்லை. அங்கே ஒரு குழம்புச் சட்டி இருக்கிறதாம். அதைத் தேய்க்க ஏணி வைத்து உள்ளே இறங்க வேண்டுமாம்! வகுப்பில் கடுகு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். யாரும் நம்பவில்லை. அது வேறு விஷயம்.

கடுகு என்பது அவளுடைய நிஜப் பெயர் அல்ல. ஆள் சிறிய உருவம். ஆனால் எண்ணெயில் போட்ட மாதிரி எந்நேரமும் பொரிந்துகொண்டே இருப்பாள். அதனால் தெருவே அவளை அப்படிக் கூப்பிட்டது.

அம்மா போன தடவை கிளம்பியபோது, துறைமுகத்தில் கடுகு அவரைக் கட்டிப்பிடித்தாள் பாருங்கள், அப்படி ஒரு பிடி! நங்கூரம்கூட மண்ணை அப்படிப் பிடிக்காது. அப்பாவும் இரண்டு காவலாளிகளும் சேர்ந்து இழுத்துத்தான் பிரித்தார்கள். அம்மாவுடைய கோட்டின் பித்தளைப் பொத்தான் ஒன்று அவள் கையோடு வந்துவிட்டது.

அன்றிலிருந்து பகலில் அது அவள் சட்டைப் பையில் இருக்கும். இரவில் தலையணைக்கு அடியில். கணக்குப் பரீட்சை என்றால் இடது கைக்குள்.

கப்பல் ஏதாவது கரையைத் தொட்டால்தான் அம்மாவிடமிருந்து போன் வரும். அப்படி ஒரு நாள் வந்தது.

"உனக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுறப்போ நானும் வந்துடுவேன்டா. ஆனா நாலே நாள்தான்."

"வந்ததும் என்ன சாப்பிடுவே?"



"இறால்," என்றார் அம்மா. "கப்பலுக்கே ஆக்கிப் போடுறேன். ஒரு நாளாவது எனக்கு யாராவது வறுத்துப் போடணும். நான் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடணும்."

கடுகு மறுநாளே சந்தைக்கு ஓடினாள்.

"லீவுலயா?" என்று சிரித்தார் மீன்கார அக்கா. "அப்போ எந்தப் படகும் கடலுக்குப் போகாதே கண்ணு! மீனெல்லாம் குஞ்சு பொரிக்கிற நேரம். இறால் வேணும்னா இப்போ வாங்கினாத்தான் உண்டு. பாரு, ஒவ்வொண்ணும் உன் கை நீளம்!"

உண்மையில் அவை விரல் நீளம்தான். ஆனால் அக்கா தராசைப் பிடித்துக்கொண்டு சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள்.

இப்போது வாங்கி, அம்மா வரும்வரை எப்படி வைத்திருப்பது? அடுத்த போனில் கடுகு ஒன்றும் தெரியாதவள் போல ஆரம்பித்தாள்.

"சும்மாதான் கேக்குறேன்மா. கப்பல்ல இறாலை எப்படிக் கெடாம வைப்பீங்க?"

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரியே பதில் சொன்னார்.

"வாங்கின உடனே தலையைக் கிள்ளிடணும். முதல்ல கெட்டுப்போறது தலைதான்."

"எங்க கணக்கு சாருக்கும் அப்படித்தாம்மா."

"வாயை மூடு! ஓடு இருக்கட்டும், அது இறாலோட சட்டை. கழுவி டப்பாவில போட்டு, முழுகுற அளவுக்குத் தண்ணி ஊத்தி உறைய வைப்போம். பனிக்கட்டிக்குள்ள இருந்தா காஞ்சு போகாது. விளிம்பு வரைக்கும் ஊத்தக் கூடாது. தண்ணி உறைஞ்சா உப்பும், மூடி பிச்சுக்கும். டப்பா மேல தேதி எழுதணும்."

"நீ வர்ற... இல்லை, ரெண்டு மாசம் தாங்குமா?"

"நல்லாத் தாங்கும். ஆனா நடுவுல உருகிடுச்சுன்னா மறுபடி உறைய வைக்கவே கூடாது. பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும், உள்ளே கெட்டிருக்கும். தின்னா வயிறு பம்பரமா ஆடும்."

"நாம பார்க்காதப்போ உருகினா எப்படித் தெரியும்?"

"அதுக்கு ஒரு காவல்காரன் இருக்கான். ஒரு டம்ளர் தண்ணியை உறைய வைச்சு, அது மேல கனமா ஒரு சின்னச் சாமான் வைச்சிடுவோம். அது மேலேயே இருந்தா கவலை இல்லை. அடியில கிடந்தா, எல்லாம் ஒரு தடவை உருகிடுச்சுன்னு அர்த்தம்."

உண்டியல் உடைந்தது. இறால் வந்தது. தலை கிள்ளுவதற்குள் கடுகு, தரை, சுவர், அப்பாவின் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றிலும் இறால் வாசனை. டப்பாக்கள் ஃப்ரீசருக்குள் போயின. பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் உறைந்தது.

கனமான சின்னச் சாமான்? கடுகு வீடெல்லாம் தேடினாள். கரண்டி நீளம். பூட்டு பெரிது. கடைசியில் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

பித்தளைப் பொத்தானைச் சற்று நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு பனிக்கட்டியின்மேல் வைத்தாள்.

"போ. இறாலைப் பத்திரமாப் பார்த்துக்கோ."

அன்று இரவு அவள் கை தலையணைக்கு அடியில் துழாவித் துழாவி வெறுமனே திரும்பியது.

அதன்பிறகு நாள் தவறாமல் ஃப்ரீசரைத் திறந்து பார்த்தாள். பொத்தான் மேலேயே உட்கார்ந்து மினுமினுத்தது.

"இப்படித் திறந்து திறந்து பார்த்தா, உள்ளே இருக்கிற குளிரெல்லாம் உன்கூடவே விளையாட வந்துடும்," என்றார் அப்பா. அவர் தையல்காரர். தைக்கிற மும்முரத்தில் அவள் அங்கே எதைப் பார்க்கிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

லீவு விட்டார்கள். அம்மா வருவதற்கு முன்னால் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் வெளியூர் போனார்கள். திரும்பி வந்தபோது, மறுநாள் காலையில் அம்மா வருவதாக இருந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் கடுகு ஃப்ரீசரைத் திறந்தாள். டப்பாவைத் தட்டினாள். டொக் டொக். கல்தான்!

டம்ளரைப் பார்த்தாள். பனிக்கட்டியின்மேல் ஒன்றும் இல்லை.

டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில், பனிக்குள்ளே மங்கலாக, பித்தளைப் பொத்தான்.

கடுகு அசையாமல் நின்றாள். பொரிகிற கடுகு நனைந்த கடுகு ஆகிவிட்டது.

அப்பாவுக்குப் பொத்தான் விஷயமே தெரியாது. அம்மாவும் டம்ளரைப் பார்க்கப் போவதில்லை. டம்ளரை இப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டால்? அம்மா காலை நீட்டி உட்கார்ந்து...

உட்கார்ந்து, சாப்பிட்டு, நாலு நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால்?

"அப்பா! இறால் கெட்டுப்போச்சுப்பா," என்றாள். பொத்தான் கதையை விக்கி விக்கிச் சொன்னாள்.

அப்பா டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளேயே விட்டார். "ஒண்ணும் மணக்கலையே? நாம ரெண்டு பேரும் முதல்ல தின்னு பார்த்தா..."

"வேண்டாம்ப்பா. பொத்தான் பொய் சொல்லாது."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "வந்துட்டீங்களா? நீங்க போன அன்னிக்கே கரண்ட் போச்சு! நேத்துக் காலையிலதான் வந்துது. விசிறி விசிறி என் கை ரெண்டும் ஒரு முழம் நீண்டு போச்சு!"

அப்பா டப்பாவை மெதுவாக மூடினார்.

பூனைகள் தின்றுவிடக் கூடாதே என்று கடுகு இறாலைப் பைக்குள் பை போட்டு இறுக்கிக் கட்டினாள். குப்பை வண்டியின் பின்னால் ஊரிலுள்ள பூனையெல்லாம் ஊர்வலம் போயின. அவற்றின் முகம் ஏறக்குறைய அவள் முகம் மாதிரியே இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா வந்தார். அன்றைய பிடியைப் பற்றி என்ன சொல்ல! தெருவில் போன பேருந்தே நின்று பார்த்துவிட்டுத்தான் போனது.

மதியம் கடுகும் அப்பாவும் பரிமாறினார்கள். அம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். தட்டில் பொன்னிறமாக, வளைவு வளைவாக, வாலும் வைத்து...

"இறாலா?" அம்மாவின் கண் விரிந்தது.

"உருளைக்கிழங்கும்மா. அப்பாதான் அளவெடுத்து வெட்டினாங்க." கடுகு நடந்ததையெல்லாம் சொன்னாள். கடைசியில் ஃப்ரீசரிலிருந்து டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

அம்மா எழுந்து போய்த் தன் கோட்டை எடுத்து வந்தார். பொத்தான் இருந்த இடத்தில் ஒரு நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"கப்பல்ல எத்தனையோ பேர் வேற பொத்தான் குடுத்தாங்க," என்றார். "நான்தான் வேணாம்னுட்டேன். இந்த இடத்துக்குச் சொந்தக்காரன் வீட்ல இருக்கான்னு சொன்னேன்."

டம்ளரை ஜன்னல் வெயிலில் வைத்தார்கள். அம்மா ஒவ்வொரு உருளை இறாலாக எடுத்து, ஓடு உரிக்கிற மாதிரி நடித்து நடித்துச் சாப்பிட்டார். ஒரு துணுக்குக்கூட மிச்சம் வைக்கவில்லை. பனி உருகி முடிந்ததும் பொத்தான் ஈரத்தோடு வெளியே வந்தது.

அப்பா ஊசியில் நூல் கோத்தார். கடுகு அவர் காதருகே குனிந்தாள்.

"ரொம்பக் கெட்டியாத் தைச்சுடாதீங்கப்பா."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர் தைத்த பொத்தானை யானை கட்டி இழுத்தாலும் வராது என்று ஊருக்கே தெரியும். அப்பேர்ப்பட்ட மனிதர், அன்றைக்கு மட்டும், நூலை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி லேசாக முடிச்சுப் போட்டார்.