விளிம்பு உடைந்த முத்திரை

காலை பத்து மணிக்குத் துப்பறிவாளரின் அலுவலகத்துக்கு வந்த அந்தப் பெண் உட்கார மறுத்துவிட்டாள். போரில் இடிந்தவற்றைத் திரும்பக் கட்டும் துறையில், டெண்டர் பெட்டிக்குப் பொறுப்பான குமாஸ்தா அவள். கையில் தட்டச்சு செய்த ஒரு தாள்.

"நாலு மணிக்குள்ள இதுல கையெழுத்துப் போடணுமாம். பெட்டியத் திறந்து உறைய மாத்தினது நான்தானாம். போட்டா மாற்றல், போடலைன்னா ஜெயில்னு எங்க டைரக்டர் சொல்றார்."

"போடப் போறீங்களா?" என்றார் துப்பறிவாளர்.

"போடுறதா இருந்தா இங்க எதுக்கு சார் வரேன்?"

மூலையில் இருந்த அவருடைய மனைவியின் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "அத்தான், இந்தக் கேஸ் நமக்குத்தான்."

"முதல்ல அவங்களுக்குத் தண்ணி கொண்டு வா மச்சான்."

ஆற்றுப் பாலத்துக்கு விண்ணப்பித்தவை இரண்டே நிறுவனங்கள். திங்களன்று இரண்டு உறைகளிலும் அவளே தேதி முத்திரை குத்திப் பெட்டியில் போட்டாள். வெள்ளியன்று பிரித்தபோது, வென்றவர்களின் விலை மற்றதைவிட மயிரிழைதான் குறைவு. தோற்றவரின் உறையோ பிரித்து ஒட்டியது போல் இருந்தது. பெட்டிக்கு ஒரே சாவி. அது அவளிடம்.

"ஜெயிச்சவங்க முன்னாடி கட்டின பாலம் ரெண்டு லாரியத் தாங்கல சார். எங்க வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுறார். புதுப் பாலத்துல முதல்ல போறது அவர் வண்டிதான்."

"சாவி எப்பவாவது உங்க கைய விட்டுப் போச்சா?"

"சைரன் அடிச்சா எல்லாரும் சாவிய வாசல் பலகையில மாட்டிட்டுத்தான் பதுங்கு அறைக்கு ஓடணும். கட்டடம் இடிஞ்சா மீட்க வர்றவங்களுக்கு வேணுமே. புதன், வியாழன் ரெண்டு நாளும் அடிச்சுது. புதன்கிழமை ஓடுற அவசரத்துல என் கை பட்டு முத்திரை விழுந்து விளிம்பு உடைஞ்சிருச்சு. அன்னிக்கே, சைரன் நின்னதும் நேரா டைரக்டர்கிட்ட ஒப்படைச்சு, ரசீது வாங்கிட்டு, புதுசு எடுத்துக்கிட்டேன்."

"தோத்தவன் கிளப்பிவிட்ட புரளியா இருக்கும் அத்தான்."

"உங்கக்கா புடவை காணாமப் போனப்ப பக்கத்து வீட்டு நாயச் சந்தேகப்பட்டவன் நீ. சும்மா வா."

மூன்று மணிக்கு டைரக்டரின் அறையில் ஒப்பந்தக் குழுத் தலைவியும் இருந்தார். மேசைமேல் இரண்டு உறைகள்.

மச்சான் குனிந்து பார்த்தான். "ரெண்டுலயும் திங்கக்கிழமை தேதிதான் அத்தான்."

"தேதிய விடு. வட்டத்தப் பாரு."

"தோத்தவர் உறையில முழு வட்டம். ஜெயிச்சவங்களோடதுல..." அவன் குரல் தாழ்ந்தது. "மேல கொஞ்சம் விட்டுப் போயிருக்கு."

துப்பறிவாளர் டைரக்டர் பக்கம் திரும்பினார். "புதன்கிழமை உடைஞ்ச முத்திரையோட அடையாளம் திங்கக்கிழமை உறையில எப்படி சார் வந்தது?"

"அதத்தான் நானும் சொல்றேன். இந்தம்மாதான் பிறகு மாத்தியிருக்காங்க."

"அவங்க மாத்தியிருந்தா புது முத்திரைதான் கையில இருந்திருக்கும். அதுல வட்டம் முழுசு. உடைஞ்சது புதன் சாயங்காலத்துல இருந்து உங்க பீரோவுல. ரசீதுல உங்க கையெழுத்து. வியாழக்கிழமை சைரன்ல எல்லாரும் கீழ ஓடினாங்க. நீங்க பலகையில இருந்து சாவிய எடுத்தீங்க. தோத்தவர் விலையப் பார்த்து, ஜெயிச்சவங்களுக்கு அதவிடக் குறைஞ்ச விலையில புது உறை தயார் பண்ணி, தேதியப் பின்னால திருப்பிக் குத்தினீங்க. முத்திரை குத்துறது குமாஸ்தா வேலைன்னு நினைக்கிறவருக்கு விளிம்பு எங்க கண்ணுல படும்?"

"வியாழக்கிழமை கீழ உங்களை யார் பார்த்தா?" என்றார் தலைவி.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு குமாஸ்தாவைப் பார்த்து மெல்லச் சொன்னார்: "போர்க்காலம்மா. சட்டம் பேசிட்டிருந்தா பாலம் எழும்பாது. உனக்கு நல்ல பதவி வாங்கித் தரேன்."

"போர்க்காலம்னாலதான் சார் பேசணும். இது இடிஞ்சா இன்னொண்ணு கட்ட நமக்கு நாள் இல்ல. ஆத்துல விழப் போறது உங்க வண்டி இல்ல."

அவள் அந்தத் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் நின்றபடியே எழுதினாள். பலகைச் சாவி, பீரோ, இரண்டு உறைகள் என ஒன்றும் விடவில்லை. அடியில் பெயரை எழுதி, பையிலிருந்து புது முத்திரையை எடுத்துக் குத்தினாள். வட்டம் முழுதாக விழுந்தது.

தாளைத் தலைவியிடம் நகர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மணி மூணே முக்கால் சார். நாலுக்குள்ள கையெழுத்துக் கேட்டீங்க. போட்டுட்டேன்."