பூட்டிய அறையில் இரண்டாவது பாட்டு

அம்மா இறந்த பதினாறாம் நாள் காலையில் பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. உழுத சேற்றின் வாடை தெரு வரைக்கும் அடித்தது. வாசலில் நின்ற அண்ணன் மதிவாணன், "வா மேகலா" என்றான். நான் அவனைத் தாண்டி உள்ளே போனேன். 'தூக்கத்துலயே போயிடுச்சு' என்று போனில் சொன்னவன் அவன்தான். அம்மாவின் விரல் முட்டிகளில் தோல் ஏன் உரிந்திருக்கிறது என்று அடக்கத்துக்கு வந்த அன்றைக்கே கேட்டேன். எலி கடித்திருக்குமாம். எலியாம்!

படையல் அம்மாவின் அறையில். அண்ணன் மகள் படித்து முடித்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரும் அங்கேதான் கிடந்தது. மாரியம்மன் பாட்டு கேட்காமல் அம்மாவுக்குச் சோறு இறங்காது. அதைப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், அதில் பாட்டு கேட்க ஒன்றுமே இல்லை. பென் டிரைவில் கொண்டுவந்திருந்த சின்ன பிளேயரை இன்ஸ்டால் செய்தேன். இரண்டு பட்டன், கீழே ஒரு பட்டியல், அவ்வளவுதான். பட்டியலில் நாலு நிமிடப் பாட்டு ஒன்றை மட்டும் ஏற்றினேன்.

இலையில் சோறும் குழம்பும் வைத்து, பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர் வைத்தோம். பாட்டை ஓடவிட்டுக் கதவைச் சாத்தினோம். போனவர்கள் வந்து சாப்பிட நேரம் கொடுத்து, வெளியே நின்று மூன்று தடவை தட்டிவிட்டுத்தான் திறப்பது எங்கள் வழக்கம்.

பாட்டு முடிந்தது. அண்ணன் தட்டுவதற்குக் கையைத் தூக்கினான்.

தட்டும் சத்தம் உள்ளேயிருந்து வந்தது.

மூன்று தடவை இல்லை. விடாமல்.

பிறகு கதவை நகத்தால் பிறாண்டும் சத்தம். பிறகு, காய்ந்துபோன தொண்டையிலிருந்து:

"மதி... கதவத் தொறடா... தண்ணி தாடா..."

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரே ஒரு நாள்தான் மேகலா," என்றான். "அம்மா எங்கயாச்சும் போயிடுதுன்னு பூட்டிட்டு நடவுக்குப் போனேன். பத்து மணிக்குப் போனவன், நாலு தாண்டித்தான் வந்தேன். அதுக்குள்ள போயிடுச்சு."

"பெத்தவளப் பூட்டி வச்சிட்டா போன?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பயம்கூட அப்புறம்தான் வந்தது. கதவைத் தள்ளித் திறந்தேன்.

யாரும் இல்லை. இலையில் சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பிளேயரின் பட்டியலில் இரண்டாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. பெயர் இல்லை. ஆறு மணி நேரம், பத்து நிமிடம். அந்தக் கம்ப்யூட்டருக்கு மைக்கே கிடையாது.

"அழிச்சிடு மேகலா," என்றான்.

"எதுக்கு அழிக்கணும்? ஆறு மணி நேரம் தட்டியிருக்கு அம்மா. உக்காரு. முழுசாக் கேளு."

நானே ஓடவிட்டேன். ஒரு நிமிடம்கூட அவனால் தாங்க முடியவில்லை. பாய்ந்து பிளக்கைப் பிடுங்கி எறிந்தான்.

திரை அணையவில்லை.

தட்டும் சத்தமும் நிற்கவில்லை. இன்னும் ஆறு மணி நேரம், ஒன்பது நிமிடம் மீதி இருந்தது.