முப்பது ராத்தல்

சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய விமானத் திடலின் தகரக் கொட்டகையில், யாருமே ஏறாத எடைமேடையின் முள் நடுங்கியது. சாயங்கால வெயில் இன்னும் இறங்கவில்லை. கடற்காற்றின் வேலை என்று சுவாமிதாஸ் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் எஞ்சின் எண்ணெயின் நெடியோடு, நனைந்து பல நாள் காயாத துணியின் உப்பு வாடையும் கொட்டகைக்குள் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

பயணிகளைப் பெட்டியோடு நிறுத்து எழுதுவது அவர் வேலை. 1936 ஐப்பசியில், பத்து நாளுக்கு முன்னால், பம்பாய்க்குக் கிளம்பியது அந்தப் பிரெஞ்சு விமானம். மூன்று எஞ்சின், உள்ளே பிரம்பு நாற்காலிகள், ஓட்டுபவரோடு எட்டுப் பேர். சொகுசுக்குக் குறைவில்லை, எடையில் மட்டும் படு கறார். புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட மகள் ராஜபாய் பெட்டியைச் சுமந்தபடி மேடையில் ஏறினாள். சீட்டில் பதிந்த எடையைவிட முப்பது ராத்தல் அதிகம்.

"இத விட்டுட்டு நான் போவ மாட்டேம்ப்பா. அம்மைக்க தையல் மிஷினாக்கும்."

செத்துப்போன அம்மாவின் மிஷின். பெற்ற மனசு கேட்குமா? பலகையின் விளிம்புக்கடியில் வெறுங்காலைச் செருகி முட்டுக் கொடுத்தார். முள் இறங்கியது. அதையே எழுதினார்.

திடலைத் தாண்டியதும் நடு எஞ்சின் இருமி நின்றது. மற்ற இரண்டாலும் பாரத்தைத் தூக்க முடியவில்லை. அவர் கண்ணெதிரே விமானம் கடலுக்குள் போனது. ஒரு உடல்கூடக் கரை சேரவில்லை.

இப்போது முள் மறுபடி நகர்ந்தது. தொண்ணூறு. நூறு. நூற்றிருபத்தாறில் நின்றது. மகளும் பெட்டியுமாக, அன்று அவர் எழுதாமல் விட்ட நிஜ எடை. பலகையில் இரண்டு சின்னப் பாதங்களின் ஈரம்.

"மக்ளே..."

"பாரமா இருக்குப்பா. கொஞ்சம் தாங்குங்க."

அவளுடைய குரலேதான். அவர் யோசிக்கவில்லை. ஓடிப்போய்க் காலைச் செருகினார். ஐஸ்போலக் குளிர்ந்தது. அழுதுகொண்டே தாங்கினார்.

பலகை இன்னும் அழுந்தியது. அவள் பாதங்களுக்குப் பக்கத்தில் பெரிய பூட்ஸின் ஈரத்தடம்.

இன்னொன்று.

காலை இழுத்தார். வரவில்லை. எலும்பு நொறுங்கியது.

"ராஜம்!"



முள் ஏறிக்கொண்டே இருந்தது. வாசல்வரை மணலில் ஈரத்தடங்கள் வரிசையாக நின்றன. எல்லாம் மேடையைப் பார்த்து.