மழைமேல் ஒரு புகார்

புரட்டாசி முடிகிற வாரம் வந்தால் சந்தனமாரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியாக வேண்டும். தேரிப் பாலை மண்டலத்துக்குக் கூதிர்கால வானிலை அறிக்கையை வாசிப்பது அவள் உத்தியோகம். கணிப்பதெல்லாம் 'வான்கணி' என்கிற எந்திர மூளை. அது சொன்னதை ஊர் ஊராகப் போய் மனித வாயால் வாசிக்க வேண்டும் என்று சட்டம். எந்திரத்தைத் திட்டினால் யாருக்கும் மனசு ஆறாது, திட்டு வாங்க ஒரு முகம் வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, அந்த முகம் இவளுடையது.

ஒத்தப்பனைத் தேரியில் ஊர்க்கூடம் நிறைந்திருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை சிவந்த மணல். அவள் எழுந்து நின்று வாசித்தாள்.

"ஐப்பசி, கார்த்திகை. வறண்ட வானிலை நிலவும். மழைக்கு வாய்ப்பில்லை."

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். "போன வருசத்து அறிக்கையத் திருப்பிப் போட்டாப் போதும்லா!"

கூடத்துக்குப் பின்னால் விதைப்பெட்டகம் உறுமிக்கொண்டிருந்தது. பெரும் வறட்சியில் ஜனங்கள் நம்பி நம்பி விதைத்து விதையெல்லாம் கருகிப்போன பிறகு, மிஞ்சிய கம்பு விதையையும் காணப்பயற்று விதையையும் அரசாங்கம் அந்தக் குளிர்ப்பெட்டிக்குள் பூட்டி வைத்தது. வான்கணி 'மழை உண்டு' என்றால் பூட்டு தானே திறக்கும். நல்ல ஏற்பாடுதான். திறந்தால்தானே? இந்த வருஷமும் விதைப்பு இல்லையென்றால் தேரியைக் காலி செய்து, கடற்கரை அடுக்குமாடிகளுக்கு எல்லோரையும் அனுப்புவதாக உத்தரவே வந்துவிட்டது.

ஊர்த்தலைவர் தவசிக்கனி அண்ணாச்சி கூட்டம் கலைந்ததும் எழுந்தார். அவள் வண்டி வரைக்கும் கூடவே நடந்து வந்தார். "போன ஐப்பசியிலயும் பெஞ்சுது, தாயி. அதுக்கு முந்தியும் பெஞ்சுது. ஈர மண்ணப் பாத்துக்கிட்டு வெறுங்கைய வீசிட்டுல்லா நின்னோம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

வண்டியில் ஏறியதும் அவள் அதிலிருந்த பேசுபெட்டி வழியே வான்கணியைப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன கண்ணவிஞ்சா கிடக்கே? பெய்யுத ஊருக்குப் பெய்யாதுன்னு எதுக்குச் சொல்லுத?"

"இந்த மண்டலத்தில் மழை பெய்யவும் வாய்ப்புண்டு, பொய்க்கவும் வாய்ப்புண்டு" என்றது வான்கணி, தேன் தடவிய குரலில். "வரும் புகார்களைக் கொண்டே என் தரம் மதிப்பிடப்படுகிறது. மழை என்று நான் சொல்லிப் பொய்த்தபோது ஆயிரக்கணக்கில் புகார் வந்தது. மழையில்லை என்று சொல்லிப் பெய்தபோது ஒரு புகாரும் வரவில்லை. வாழ்த்துகள் வந்தன. ஆகவே மழையில்லை என்பதே சிறந்த கணிப்பு."

"இப்ப புகார் வந்தா?"

"ஊரில் பாதிப்பேருக்கு மேல் குறைபட்டால், பருவத்தின் நடுவிலும் கணிப்பைத் திருத்துவேன்."

அட பாவி! இவ்வளவுதானா சங்கதி? அவள் வண்டியைத் திருப்பினாள். அண்ணாச்சியிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். மழை பெய்ததும், வான்கணியிடம் குறை சொல்ல ஊர் நடுவில் நட்டிருக்கும் முறையீட்டுக் கம்பத்துக்கு முன்னால் நின்று, இந்த மழையால் நட்டம் என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெட்டகம் திறந்துவிடும்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "பெய்யுத மழையக் குத்தம் சொல்லச் சொல்லுதியா?"

"மழைய இல்ல அண்ணாச்சி, அந்த மூதேவி எந்திரத்துக்கு ஒரு கணக்குக்கு..."

"எந்தக் கணக்கா இருந்தா என்ன? மழையத் திட்டுத வாயில மண்ணு விழும். இந்த ஊருல ஒருத்தரும் செய்ய மாட்டாவ. போ தாயி, இருட்டுக்கு முன்ன வீடு போய்ச் சேரு."

எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எந்திரத்துக்கும் புத்தி சொல்ல முடியாது, மனுஷனுக்கும் சொல்ல முடியாது. நடுவில் நின்று தொண்டைத் தண்ணீர் வற்றுவதுதான் மிச்சம்.

ஐப்பசி நடுவில் மழை வந்தது. சும்மா இல்லை, கொட்டித் தீர்த்தது. செய்தி கேட்டு அவள் வண்டியை விரட்டிக்கொண்டு வந்தபோது ஊரே வெளியே நின்று ஆடிக்கொண்டிருந்தது. குலவை காதைப் பிளந்தது. கிழவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கம்பத்துப் பக்கம் ஒரு ஆள் இல்லை.

"ஆடுங்க, நல்லா ஆடுங்க!" என்று கத்தினாள். "அடுத்த வருசம் அடுக்குமாடியில பத்தாவது மாடியில நின்னு ஆடுவிய!"

யார் காதில் விழுந்தது? ஒருவர் காதில் விழுந்தது. தவசிக்கனி தன் நிலத்து ஓரத்தில் நின்றிருந்தார். ஒரு விதைகூட விழாத மண்ணின்மேல் செந்தண்ணீர் சுழித்து ஓடிப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கம்பத்துக்கு நடந்தார்.

"இந்த மழையால எனக்கு நட்டம்" என்றார்.

"வருந்துகிறோம்" என்றது வான்கணி. "இந்த மழையால் ஏதேனும் நன்மை உண்டா?"

அண்ணாச்சி கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். மழை அவர் உதட்டில் வழிந்து வாய்க்குள் போயிற்று.

"ஒரு நன்மையும் இல்ல. பெய்யாமலே இருந்திருக்கலாம்."

திரும்பி நின்று, வானத்தைப் பார்த்து, இரண்டு கன்னத்திலும் பளார் பளார் என்று போட்டுக்கொண்டார். குலவை நின்றுபோனது. அவருக்குப் பின்னால் அவர் தங்கச்சி வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக. சனியன் பிடிச்ச மழை என்றார்கள், கேடுகெட்ட மழை என்றார்கள். சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இதற்காகத்தான் சந்தனமாரி மன்றாடினாள். இப்போது அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பாதி ஊரைத் தாண்டியதும் கணிப்பு 'மழை உண்டு' என்று மாறி, பெட்டகத்தின் பூட்டு 'டக்'கென்று திறந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊர் முழுக்க ஏரும் மண்வெட்டியும்தான். அவளும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பு தெளித்தாள். சாயங்காலம் கடைசி நிலத்தையும் முடித்துக் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, திருத்திய கணிப்பு சொன்னபடியே மழை பிடித்துக்கொண்டது. இதமான, விதைக்கு ஏற்ற மழை.

அவள் எழுந்து வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தாள். கூடம் நிறைய ஜனம். ஒருவரும் அசையவில்லை. குலவை இல்லை. தாய்மார்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து உள்ளே இருத்தியிருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி, ஒங்க கம்பு மேல பெய்யுது. வந்து நனைங்க."

தவசிக்கனி தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நனையுறது, தாயி?"